மலைச்சரிவில் ஒரு கும்பிடு

சிங்கப்பூரில் மலை கிடையாது. ஆனால் மலைப் பெயருக்குப் பஞ்சமில்லை. மலாய் மொழியில் புக்கிட் என்றால் குன்று. புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக், புக்கிட் பாஞ்சாங் என்று தடுக்கி விழுந்தால் ஒரு புக்கிட். நானே புக்கிட் மேராவில்தான் குடியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அங்கே நான் ஏறிய உயரமெல்லாம் மின்தூக்கியில் ஏறியதுதான்.

அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும், மாதா கோயில் தமிழர் குழு ஒருநாள் பயணமாக மலேசியாவில் குளுவாங் மலைக்குப் போகிறது, வருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தபோது, முதல் ஆளாகப் போய் நின்ற என்னைப் பார்த்து எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது. முட்டிவலி. கொசு கடித்தால் ஒரு வாரம் சொறிந்துகொண்டிருக்கும் உடம்பு. மலை மேல் எனக்கு எந்தக் காதலும் இல்லை. நான் பெயர் கொடுத்தது பஸ்ஸுக்காக. பஸ்ஸில் சீட்டுகள் இரண்டிரண்டாக இருக்கும். குளுவாங் போக ஒரு காலைப் பொழுது, திரும்பி வர ஒரு மாலைப் பொழுது, யாராவது ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தால் முழங்கையாவது படும்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. என்னை மனுஷர் யாரும் தொட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த கடைசி வருஷங்களில் அவரைத் தூக்கி உட்கார வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, முதுகு துடைப்பது, நகம் வெட்டிவிடுவது எல்லாம் நானும் பணிப்பெண்ணும்தான். அந்த நாட்களில் எப்போது ஓய்வு கிடைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனதும் பணிப்பெண் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். என் கைகள் திடீரென்று வேலையில்லாமல் போயின. அதே சமயத்தில் எங்கள் கப்பல் சரக்கு நிறுவனம் வாடகை மிச்சம் என்று அலுவலகத்தையே காலி செய்தது. இனி எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை. சக ஊழியர்களைக் கணினித் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பார்த்தேன். பிறகு கேமராவையும் அணைத்துவிட்டார்கள்.

ஊரில் கூட்டத்துக்குக் குறைவில்லை என்பீர்கள். காலை ரயிலில் ஏறிப் பாருங்கள். மூச்சுவிட இடமில்லாமல் நிற்கும்போதுகூட அடுத்தவர் மேல் படாமல் நிற்கும் வித்தை எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தப்பித்தவறி ஒரு தோள் பட்டுவிட்டால் இரண்டு பக்கமிருந்தும் உடனே ஒரு 'சாரி' வரும்.

நான் தேக்காவுக்கு முடிவெட்டப் போக ஆரம்பித்தேன். தேக்கா என்றுதான் நாங்கள் லிட்டில் இந்தியாவைச் சொல்வோம். அங்கே சந்துக்குள் ஒரு முடிதிருத்தகம். முடிவெட்டி முடிந்ததும் எண்ணெய் விட்டுத் தலையைப் பிசைந்து, தட்டி, கழுத்தை நெட்டி முறித்துவிடுவார்கள். என் தலையில் இருக்கும் முடிக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை போனாலே அதிகம். நான் அடிக்கடி போனேன். ஒருநாள் அந்த ஆள் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இதுல நான் எதை வெட்டுறது? போன வாரம்தான வந்தீங்க?" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டார். நானும் கூடச் சிரித்தேன். அப்புறம் அந்தப் பக்கம் போகக் கூச்சமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நடக்கவே முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தங்குவிடுதிகளில் இருக்கும் தம்பிகள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, சுண்டுவிரலைச் சுண்டுவிரலோடு கோத்துக்கொண்டு, ஒரே போனை மூன்று பேர் தலையை முட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள். வீட்டை விட்டு, பெண்டாட்டி பிள்ளையை விட்டு வந்து கஷ்டப்படுகிறவர்கள். அவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். என்ன பிறவி நான் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. ஆனால் பொறாமை பொறாமைதான். உள்ளூர் ஆம்பிளைகள் நாங்கள் அப்படி நடப்பதில்லை.

மிச்சமிருந்தது கோயில். முன்பெல்லாம் பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கை குலுக்குவோம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இடம் வலம் என்று நாலைந்து கை கிடைக்கும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கிடைத்த காலத்தில் தெரியவில்லை. கொரோனா வந்தது. கை குலுக்குவது நின்று, கும்பிடு வந்தது. அப்புறம் முகக்கவசம் போனது, இடைவெளி விட்டு உட்காரும் கோடுகள் போயின, கும்பிடு மட்டும் போகவே இல்லை. நம் பண்பாடுதானே என்றார்கள். சரிதான், நான் என்ன மறுக்கவா முடியும்? நானும் பண்பாடாகக் கும்பிட்டேன்.

எனக்கு முன்வரிசையில் எப்போதும் ஒருவர் உட்காருவார். அறுபத்தைந்து தாண்டியவர், நல்ல பருமன். சமாதான நேரத்தில் அப்படியே உடம்போடு திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடு போடுவார். நானும் போடுவேன். அவர் திரும்பிக்கொள்வார். இப்படியே வருஷங்கள். பேர் தெரியாது, வீடு தெரியாது. கண்ணை மூடிக்கொள்வதால் அவர் என்னைப் பார்த்திருக்கிறாரா என்பதே சந்தேகம். மடிப்பு மடிப்பாக, ஒரு மச்சத்தோடு இருக்கும் அவருடைய பிடரியை எனக்கு அவர் முகத்தைவிட நன்றாகத் தெரியும்.

பயண நாள் விடிவதற்கு முன்பே பஸ் வந்துவிட்டது. நான் சீக்கிரமாகவே ஏறி, நடுவில், ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டைத் துடைத்துக்கூட வைத்தேன். குடும்பங்கள் ஏறின. தோழிகள் ஏறினார்கள். பஸ் பெரியது, ஆட்கள் பாதிதான். வந்தவர்கள் காலியாக இருந்த வரிசைகளில் வசதியாகப் பரவிக்கொண்டார்கள். முன்வரிசைக்காரர் இங்கேயும் முன்வரிசைதான். ஓட்டுநருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். பஸ் கிளம்பும்போது, பயணத்தை ஏற்பாடு செய்த அம்மா இடைவழியில் வந்து என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அங்கிள், பக்கத்துல யாரும் இல்லதானே? இத இங்க வச்சிக்கிறேன் லா."

'லா' எங்கள் ஊர்ப் பேச்சின் வால். அவர் வைத்தது இரண்டு அட்டைப்பெட்டி தண்ணீர்ப் புட்டிகள். எனக்குத் துணையாக வந்தவை அவைதான். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் மேல்பெட்டி என் தோளில் சாய்ந்தது. நான் அதை நிமிர்த்தி வைத்தேன். ஜெபமாலை சொல்லிக்கொண்டே உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடிக்கு வந்தோம். இறங்கி, சோதனை முடிந்து, ஏறி, பாலம் தாண்டி, அந்தப் பக்கமும் இறங்கி ஏறினோம். ஏறும்போது ஒவ்வொரு தடவையும் யாராவது இடம் மாறி வந்து உட்காருவார்களா என்று பார்த்தேன். தண்ணீர்ப் பெட்டி எங்கேயும் இறங்கவில்லை. அப்புறம் வழியெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம். அதை ஒரு தடவை பார்த்தால் போதும், ஆயிரம் தடவை பார்த்த மாதிரி.

குளுவாங்கில் நாங்கள் ஏறப்போன மலையின் பேர் குனோங் லம்பாக். மலை ஏறிப் பழகியவர்கள் அதை மலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அது தாராளமாகவே மலையாகத் தெரிந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. கொஞ்ச தூரம் படிக்கட்டு, பிறகு வெறும் வேரும் செம்மண்ணும். இளசுகள் பாட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். குடும்பங்கள் போய்விட்டன. ஏற்பாட்டு அம்மா, கையில் மலையேறும் கோலோடு, ஆடு மேய்ப்பவர்போல மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தார். கடைசியாக இரண்டு பேர்தான் மிஞ்சினோம். ஒன்று நான். எனக்கு நாலடி முன்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, நனைந்த சட்டைக் காலருக்கு மேலே அதே மடிப்பு, அதே மச்சம். மலைக்கு வந்தும் எனக்கு அந்தப் பிடரிதான் கிடைத்தது.

பாதி வழியில் ஒரு செங்குத்தான இடம். மரத்தில் கயிறு கட்டிவிட்டிருந்தார்கள், பிடித்து ஏற வேண்டும். அவர் தன் பருமனைத் தூக்கிக்கொண்டு, "யேசுவே, யேசுவே" என்று சத்தமாகச் சொல்லி ஏறிப் போய், மேலே ஒரு வேரில் காலை ஊன்றிக்கொண்டார். அப்படியே உடம்போடு திரும்பினார். குனிந்து, எனக்கு நேராகக் கையை நீட்டினார்.

நான் கும்பிட்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. அந்த முகம் அப்படித் திரும்பினால் நான் செய்யும் காரியம் அது ஒன்றுதான். கயிற்றிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, நெஞ்சுக்கு நேராகக் குவித்து, தலையையும் லேசாகக் குனிந்தேன். அந்த ஒரு நொடி நான் மிகவும் மரியாதையான மனிதனாக நின்றிருப்பேன். அடுத்த நொடி கால் வழுக்கி, முட்டி போட்டு, மண்ணில் முகம் உரசக் கீழே சறுக்கிப் போய் ஒரு மரத்தடியில் நின்றேன்.

மேலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மலையே அதிரும் சிரிப்பு.

"தம்பி! ஐயோ! கோயில்ல பின்னாடி உக்காருற தம்பியா நீங்க? மலையில என்னத்துக்கு லா கும்பிடுறீங்க? கையைக் குடுங்க, கையை!"

என்னைத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லை. நான் மறுபடி கயிற்றைப் பிடித்து ஏற, அவர் இரண்டடி இறங்கி வந்து, என் வலது கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். சூடான, சொரசொரத்த, வியர்வையும் சேறுமாக இருந்த பெரிய கை. விரலில் ஒரு மோதிரம் என் எலும்பில் அழுந்தியது. நான் மேலே வந்து நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தேன். நல்லவேளை, அந்த நேரத்தில் இரண்டு பேர் முகத்திலும் எது வியர்வை எது கண்ணீர் என்று பிரிக்க முடியாது.

"அடிபட்டுச்சா?"

"இல்லண்ணே."

"பயந்துட்டீங்க. வாங்க, மெதுவா போலாம்."

அவர் கையை விடவில்லை. அவருக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. வீட்டில் மனைவி, இரண்டு பேரன்கள், ஒரு பேத்தி. நாள் பூராவும் யாரையாவது பிடித்து இழுத்துக்கொண்டும் தூக்கிக்கொண்டும் இருக்கிற கை. பேசிக்கொண்டே வந்தார். மனைவியும் வருவதாக இருந்ததாம், பேத்திக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டாராம். மருமகள் தோசைக்கு மாவு வாங்கித்தான் ஊற்றுகிறாளாம், அதைக் கண்டுகொள்ளக் கூடாது என்று மனைவியின் உத்தரவாம். நான் "ம்" கொட்டினேன். என்ன சொன்னார் என்பதில் பாதி காதில் ஏறவில்லை. நான் முழுக்க முழுக்க என் வலது கையில் இருந்தேன்.

உச்சியில் ஒரு பெயர்ப்பலகை, அதைச் சுற்றி எங்கள் கூட்டம். நாங்கள் வந்ததும் கை தட்டினார்கள். அவர் என் கையை விட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, மனைவிக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டார். மேகம் விலகியது. கீழே செம்பனை வரிசைகளும் ஊரும் தெரிந்தன. எல்லாரும் 'எவ்வளவு அழகு' என்றார்கள். அழகுதான். நான் ஏறி வந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் வழுக்கும் என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இறங்கக் கிளம்பினோம். அவர் முன்னால் போய்க் கையைப் பின்னால் நீட்டுவதற்குள், ஏற்பாட்டு அம்மா வந்துவிட்டார்.

"அங்கிள், நீங்க விழுந்துட்டீங்கன்னு சொன்னாங்க. இந்தாங்க, என் ஸ்டிக்க வச்சுக்குங்க."

நல்ல மனுஷி. அவருக்கு அந்த நேரத்தில் நான் மனதுக்குள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"வேணாம்மா. எனக்கு ஸ்டிக் பழக்கமில்ல."

"ரொம்ப ஈஸி அங்கிள், இப்படி ஊணி..."

"ஸ்டிக் இருந்தா எனக்கு பேலன்ஸ் வராது."

இப்படி ஒரு வியாதியை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "சரி, அண்ணன் பாத்துக்குவாரு" என்று முன்னால் போய்விட்டார். அண்ணன் பார்த்துக்கொண்டார். வழுக்கும் இடத்திலெல்லாம் நின்று, திரும்பி, கை கொடுத்து இறக்கினார். இரண்டு கைக்கு நடுவில் சேறு காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்தது. ஒரு மனுஷனுக்கு இவ்வளவு போதும் என்றால், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அன்றைக்குப் போதும் போதும் என்று இருந்தது. ஆனால் மலை சின்னது.

தார் ரோடு வந்ததும் அவர் போன் அடித்தது. மனைவி. அவர் என் கையை விட்டு, தன் கையைக் கால்சட்டையில் துடைத்து, போனை எடுத்து, "இறங்கிட்டேன் லா, உயிரோட இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் நடந்தேன். சமதரையில் யாருக்கும் யார் கையும் தேவையில்லை.

மதியச் சாப்பாடு ஊருக்குள் ஒரு வாழையிலைக் கடையில். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எல்லாரும் வரிசையாக நின்று சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். செம்மண் தண்ணீர் தொட்டியில் ஓடியது. என் முறை வந்தது. குழாயைத் திறந்தேன். கையைப் பார்த்தேன். ரேகையெல்லாம் சேறு. மணிக்கட்டில் அவர் விரல்கள் பிடித்த இடத்தில் சேறு இல்லாமல் பட்டை பட்டையாக இருந்தது. பின்னால் நின்றவர் செருமினார். குழாயை மூடிவிட்டு நகர்ந்துவிட்டேன். என்னால் கழுவ முடியவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். யாரிடம் சொல்லி நியாயம் கேட்பது?

இலை போட்டார்கள். சோறு, பருப்பு, முட்டைக்கோஸ், மீன் குழம்பு. நான் பரிமாறுகிறவரிடம் ஸ்பூன் கேட்டேன்.

மேசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழையிலையில் சோற்றை வைத்துக்கொண்டு ஸ்பூன் கேட்ட தமிழனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. "என்ன அங்கிள், வெள்ளைக்காரன் ஆயிட்டீங்களா?" என்று ஒரு பெண் கேட்க, மேசையே சிரித்தது. ஸ்பூன் வந்தது. சோற்றில் குத்தினேன். இலை கிழிந்தது. தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன். அழுதுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த கவலை.

எதிரே இருந்த நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முன்வரிசைக்காரர் தன் இலையைச் சோற்றோடு அப்படியே நகர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய வலது கை குழம்பில் இருந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையில அடிபட்டிருக்குன்னு அப்பவே சொல்லிருக்கலாம்ல? அதான் ஸ்பூனா? காட்டுங்க."

ஸ்பூனைக் கீழே வைத்தேன். கையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சேத்தத் தவிர ஒண்ணும் காணோமே. வலிக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விட்டுவிடுவார்.

"வலிக்குதுண்ணே" என்றேன்.

"எங்க?"

காட்ட இடம் தெரியாமல் உள்ளங்கை நடுவில் ஒரு விரலை வைத்தேன். அவர் அங்கே தன் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். "இங்கயா?" என்றார். "அங்கதான்" என்றேன். அவர் தேய்ப்பதை நிறுத்தாமலே, வலது கையால் தன் இலையில் சோற்றைப் பிசைந்து, மருமகள் தோசை மாவுக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். என் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படவில்லை.